ஸ்டிக்கரைத் தேய்த்தவள்

மரக்காணம் அளத்தில் உப்பு வாரும் மேரிசெல்விக்கு மூடி இறுக்கமான டப்பா என்றால் உயிர். கடல்காற்றில் உப்பு வைத்த இடத்திலேயே கசிந்துவிடும். மகன் ஆல்வின் புரோட்டீன் பவுடர் குடித்துத் தீர்த்த கறுப்பு டப்பாவை அவள் விடுவாளா? ஆனால் அதன் மேல் சட்டையில்லாத வெள்ளைக்காரன் ஒருத்தன் புஜத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். மாதா படத்துக்கு எதிரே அவனை எப்படி வைப்பது? வெந்நீர் ஊற்றி, தேங்காய்நாரால் ஸ்டிக்கரைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு உப்பைக் கொட்டி வைத்தாள்.

போலீஸ் செலக்‌ஷனுக்காக உடம்பை ஏற்றியவன் இப்போது டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறான். "அந்தப் பவுடர் மேலதான் எனக்கு சந்தேகம், புகார் குடுங்க" என்றார் டாக்டர். விற்ற ஜிம்காரனோ, "நான் எதுவும் விக்கலியே" என்று கையை விரித்துவிட்டான். மேரிசெல்வி டப்பாவைத் தூக்கிக்கொண்டு உணவு பாதுகாப்பு ஆபீசுக்குப் போனாள்.

"இம்போர்ட் பண்ணவன் பேரு, லைசென்ஸ் நம்பர் எல்லாம் ஸ்டிக்கர்லதாம்மா இருக்கும். அது எங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"தேச்சு எடுத்துட்டேன் சார்."

"அப்ப யார் மேல கேஸ் போடச் சொல்ற?"

"கப்பல்ல வந்து எறங்கறப்ப நீங்க பாக்கலியா சார்? அப்பவும் ஸ்டிக்கர மட்டுந்தான் பாத்தீங்களா?"

அதிகாரி டப்பாவைத் திறந்து, அடியில் ஒட்டியிருந்த உப்பை விரலால் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, இது அளத்து உப்பா? அயோடின் இல்லாத உப்பைச் சாப்பிடக்கூடாதுன்னு கவர்மெண்ட் எவ்ளோ சொல்லுது! உடம்பு என்னத்துக்கு ஆவும்?"