சிவப்புப் பெட்டி ரவை பத்து

சுடுகிற துவக்குக்கும் வாய்ருசி உண்டு என்று சித்தி சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. உடனே நம்பிவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சிவப்பரிசிச் சோறு, எனக்கு வெள்ளைச் சம்பா, அம்மாவுக்கு எது மிஞ்சுகிறதோ அது. அப்படியிருக்க, ஒரு துவக்குக்கு இந்தத் தோட்டா ரவை பிடிக்கும், அந்த ரவை பிடிக்காது என்பதில் என்ன அதிசயம்?

சித்தி அம்மாவின் தங்கை. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். லிங்கநகரில் எங்களோடுதான் இருந்தார். மற்றப் பிள்ளைகளின் சித்திமார் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கோ கடைக்கோ போவார்கள். என் சித்தி துறைமுகப் பக்கம் இருந்த சூட்டுக் கழகத்துக்குப் போய், பாயில் குப்புறப் படுத்து, நூறு மீற்றர் தள்ளி ஒட்டிய தாளைச் சுடுவார். அம்மாவுக்கு இது துப்பரவாகப் பிடிக்காது. துவக்கு என்ற சொல் காதில் விழுந்தாலே கதவைச் சாத்திப் பழகிய காலத்தில் வளர்ந்தவர் அவர். "உலகத்தில வேற விளையாட்டே இல்லையோடி உனக்கு?" என்று புறுபுறுத்துக்கொண்டே இருப்பார். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டபோது ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்.

"பிள்ளை அங்க ஒண்டிலயும் கை வைக்கக்கூடாது. வைச்சதெண்டு கேள்விப்பட்டனோ, அண்டையோட ரெண்டுபேற்ற போக்கும் நிண்டுடும். சொல்லிப்போட்டன்."

கழகத்தில் ரவை அலுமாரியைப் பூட்டும் திறப்பு, நாங்கள் நானா என்று கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் ஒருவரிடம் இருந்தது. சின்னப்பிள்ளைகளை உள்ளே விட விதியில் இடமில்லை. அவர்தான் தன் பொறுப்பில் என்னைக் கதிரையில் இருத்தி, என் தலைக்குப் பெரிதான காதடைப்பை மாட்டிவிடுவார்.

அந்த வருடம் கொழும்பில் ஒரு பெரிய போட்டி. கழகத்துக்கு மூன்று தரத்தில் ரவை வந்திருந்தது. நீலப் பெட்டி சும்மா பழகுவதற்கு. பச்சை நடுத்தரம். சிவப்பு முதல்தரம். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். ஐம்பது மீற்றரில்கூட மூன்றும் நல்ல பிள்ளைகள், நூறுக்குப் போனால்தான் குணம் தெரியும் என்றார் சித்தி. ஒவ்வொரு ரவைக்குள்ளும் வெடிமருந்து ஒரே அளவு, பாய்கிற ஈயச் சன்னம் ஒவ்வொன்றும் ஒரே நிறை என்று பார்த்துப் பார்த்துச் செய்வதற்குத்தான் சிவப்புக்கு அந்த விலை. வந்ததோ கொஞ்சம். ஒருவருக்குத்தான் காணும். போட்டிக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், சித்தியும் ஒரு கணக்கு வாத்தியாரும். எவருடைய துவக்குக்குச் சிவப்பு நன்றாக ஒத்துவருகிறதோ, அவருக்கே முழுவதும். வாத்தியார் முதல் கிழமையே சுட்டுப் பார்த்துவிட்டார். தாளில் அவ்வளவு நெருக்கமாக விழுந்த அவருடைய ஓட்டைகளை ஒரு பிஸ்கற்றால் மூடலாமாம். சித்தி அன்று முழுக்க அதைப் பற்றித்தான் கதைத்தார். எனக்கு அந்த வாத்தியாரைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்றாகிவிட்டது.

சித்தியின் முறை வந்தது. கச்சான் காற்றுக் கிளம்பமுன் முடிக்கவேண்டும் என்று விடியவே போய்விட்டோம். நானா ஒவ்வொரு தரத்திலும் பத்து ரவை எண்ணி, துளை போட்ட மூன்று பலகைகளில் சன்னத்தின் மூக்கு மேலே தெரிய நிறுத்தினார். பிறகு இருவரும் தாள் ஒட்ட நூறு மீற்றர் தள்ளி அந்தத் தொங்கலுக்குப் போனார்கள்.

நான் சிவப்புப் பெட்டி ரவைகளைப் பார்த்தேன். முதல்தரமாம்! மூக்கெல்லாம் பிசுபிசுவென்று ஏதோ பூசியிருந்தது. ஒன்றில் மணல்கூட ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் உப்புக் காற்றுக்குப் பயந்து துடைக்காத சாமானே இல்லை. கத்தி, தையல் மெசின், சைக்கிள் எல்லாம் தினமும் துடைபடும். சித்தி தன் துவக்கைத் துடைக்கிற துடைப்பில் அது கறுப்புக் கண்ணாடி போல இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஊத்தை ரவையா? சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்தேன். பத்தையும் ஒன்றொன்றாகத் துடைத்து, பளபளவென்று திருப்பி வைத்தேன். அம்மாவின் நிபந்தனையையும் மீறவில்லை. கை வைக்கவில்லையே, லேஞ்சிதானே வைத்தது!

நீலத்தின் ஓட்டைகளை ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடலாம்போல இருந்தது. பச்சையைத் தேத்தண்ணிக் கோப்பையின் வாயால் மூடலாம். பிறகு சிவப்பு. முதல் ஐந்தும் சிரட்டைக்கும் அடங்காமல் மேலும் கீழுமாகச் சிதறின. நானா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"என்ன தங்கச்சி, நல்ல சாமான் உங்கட துவக்குக்குச் சரிவரல்லியே?"

சித்தி ஆறாவது ரவையை எடுத்தார். பெருவிரலால் ஒருமுறை தடவினார். திரும்பி என்னைப் பார்த்தார். என் மடியில் லேஞ்சி கிடந்தது, கறுப்பும் பிசுக்குமாக. நான் பெருமையோடு பல்லைக் காட்டினேன். சித்தி திரும்பிப் படுத்து, அந்த ஐந்தையும் சுட்டு முடித்தார்.

"பத்துக்கு மேல சும்மா தர ஏலாது," என்றார் நானா. "காரணம் ஏதும் இருந்தாச் சொல்லுங்க. கொப்பியில எழுதிப்போட்டு இன்னும் பத்துத் தாறன்."

சித்தி பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"காரணம் ஒண்டும் இல்லை, நானா. ரவையில பிழையில்லை. என்ர கைதான் இண்டைக்குச் சரியில்லை. வாத்தியாருக்கே குடுங்கோ."

பதினேழு வயதில் நானும் அதே கழகத்தில் சேர்ந்தேன். நானா, தாடி முழுக்க நரைத்துப்போய், முதல் பாடம் சொன்னார்: "ரவையில இருக்கிறது ஊத்தை இல்ல மகள், மெழுகு. அதத் துடைச்சா ஈயம் குழலுக்குள்ள ஒட்டும். பிறகு ஒண்டும் சொன்ன இடத்துக்குப் போகாது." அன்றைய லேஞ்சி நினைவுக்கு வந்தது. கொப்பியில் ஒரு வரி ஏறியிருந்தால் நானாவின் திறப்புப் போயிருக்கும், கதை அம்மாவின் காதுக்கு வந்திருக்கும், எனக்கும் சித்திக்கும் ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் போயிருக்கும். ஓட்டமாக வீட்டுக்கு வந்து சித்தியின் முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "இனிக் கழகத்துக்குப் போகேக்க லேஞ்சி கொண்டுபோகாத, என்ன?" என்றார். அவ்வளவுதான். அப்படி ஒரு மனுசியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வருடம் சித்தி பச்சைப் பெட்டியோடு கொழும்புக்குப் போனார். வாத்தியார் சிவப்போடு மூன்றாவது. சித்தி நாலாவது, ஒரேயொரு புள்ளி குறைவால். பஸ்ஸால் இறங்கிக் களைத்துப்போய் வந்தவரை வாசல் படலையிலேயே மறித்தேன்.

"பச்சைப் பெட்டி ரவையை ஆர் துடைச்சது, சித்தி?"

"ஒருத்தரும் துடைக்கேல்லைக் குஞ்சு."

"பாத்தீங்களோ! என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தா வடிவாத் துடைச்சுத் தந்திருப்பன்தானே?"

குசினிக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "என்னத்தையடி துடைக்கிறது?"

"என்ர மூக்குக்கண்ணாடியைத்தான் அக்கா," என்றார் சித்தி. பிறகு குனிந்து என் காதுக்குள், "ஓம் பிள்ளை, உன்னைக் கூட்டிக்கொண்டு போகாதது என்ர பிழைதான்," என்றார்.

பிழையை ஒத்துக்கொண்டாரே என்று, நானும் பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.