ரபீக்கா சொல்லாத காரணம்

கிண்ணியாவில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் ஒரு பெண் மௌத்தானால், அடக்குமுன் மையித்தைக் குளிப்பாட்ட ரபீக்காவைத்தான் கூப்பிடுவார்கள். நெருப்பில் வெந்த உடம்பையும் கடல் கரையில் ஒதுக்கிய உடம்பையும் கை கூசாமல் குளிப்பாட்டியவள். அப்படிப்பட்டவள் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரிக் கதிரையின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

இரத்தம் போகத் தொடங்கியபோது மூலம் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். உறைப்பைக் குறைத்தாள், நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியிடம் லேகியம் வாங்கித் தின்றாள். கடைசியில் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். கட்டியைச் சுருக்கக் கதிர்வீச்சும் குளிசையும் கொடுத்தார்கள். இனி வெட்டி எடுத்தால் தீர்ந்தது என்ற நம்பிக்கையில்தான் மகள் ரிஸ்லாவோடு பஸ் ஏறி வந்தாள்.

டொக்டர் ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார். கட்டி மேலே இருந்திருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு மிச்சக் குடலை இணைத்துத் தைக்கலாம். இவளுக்கோ அடியில், மலத்தை அடக்குகிற தசையையே பிடித்திருக்கிறது. தசையோடு சேர்த்து எடுத்து, மலவாசலைத் தைத்து மூடிவிட வேண்டும். குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கத்தில் வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டுவார்கள்.

"பை எவ்வளவு காலத்துக்கு டொக்டர்?"

"ஆயுளுக்கும் அம்மா."

ரபீக்காவுக்குக் காது அடைத்தது. டொக்டர் அதற்குப் பிறகு சொன்னதை ரிஸ்லாதான் கேட்டுக்கொண்டாள்: தள்ளிப்போட்டால் பரவிவிடும், திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரபீக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். வயிற்றில் மலத்தைக் கட்டிக்கொண்டு எப்படி மையித்தைத் தொடுவது, தொழுகைக்குக் கைகால் கழுவிச் செய்கிற உளூ எப்படி நிற்கும் என்று கேட்டாள். ரிஸ்லா பள்ளிவாசல் மௌலவிக்கு போன் எடுத்தாள். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக உளூ செய்துகொண்டு தொழலாம், குளிப்பாட்டுவதற்கும் தடையில்லை என்றார் அவர்.

"மார்க்கம் விடும் மகள். சனம் விடாது. பை மணக்குது எண்டு சொல்லுவாங்க. பிறகு ஆரு என்னக் கூப்பிடுற?"

ரிஸ்லா அழுது பார்த்தாள். பிறகு கோபத்தில் கதைப்பதையே நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்துத் தெரு அசனா நெஞ்சடைத்து மௌத்தானாள். கல்யாண வீடுகளில் ரபீக்காவோடு ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்ட கூட்டாளி. நோன்பு மாதங்களில் தராவீஹ் தொழுகைக்குத் தோளோடு தோள் நின்றவள். கதிர்வீச்சின் களைப்பு இன்னும் போகாவிட்டாலும் ரபீக்கா எழும்பிப் போனாள். உதவிக்கு அசனாவின் மகள் ஹுஸ்னியா மட்டும் நின்றாள்.

மூடிய துணிக்குள் கையை விட்டு வயிற்றை மெதுவாக அமுக்கிவிடுவது முறை. ஹுஸ்னியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ரபீக்காவின் கை இடப்பக்கத்தில் மெத்தென்ற ஒன்றில் பட்டுவிட்டது. துணியை விலக்கினாள். பை.

ரபீக்கா நிமிர்ந்து ஹுஸ்னியாவைப் பார்த்தாள்.

"ஒம்பது வருசமா இருக்குது மாமி," என்றாள் ஹுஸ்னியா. "கொழும்பில வெட்டினது. ஊருக்குக் கர்ப்பப்பை ஒப்பரேசன் எண்டு சொன்னம். உம்மா ஒருத்தருக்கும் காட்டல்ல. கதை வெளியில போகாதுதானே?"

ஒன்பது வருசம். பக்கத்தில் நின்றிருக்கிறாள், ஒன்றாய்ச் சாப்பிட்டிருக்கிறாள், பஸ்ஸில் மடியோடு மடி இடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். ஒரு நாளாவது ஒரு வாடை? ரபீக்கா எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"குளிப்பாட்டினவள் கண்டதைக் கதைக்கிறல்ல மகள்," என்றாள். பையை மெல்லக் கழற்றினாள். ஈரமாய், வெளிறிப்போய், குடலின் ஒரு சின்ன வாய். கழுவி, பஞ்சு வைத்து மூடினாள். பிறகு கஃபன் துணியைச் சுற்றி முடித்தாள்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் குசினி வாசலில் நின்றாள்.

"டொக்டருக்குச் சொல்லு. வெட்டட்டும்."

ரிஸ்லா அகப்பையோடு திரும்பினாள். மௌலவி சொல்லியும் கேட்காத ஆளை மாற்றியது யார் என்று கேட்டாள். ரபீக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரத் தலையைத் துவட்டினாள்.

"எனக்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா உம்மா?"

"உனக்கிட்டயும் ஏலாது."

ரிஸ்லா அகப்பையை வைத்தாள். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, ஆஸ்பத்திரி நம்பரைத் தேடினாள்.