கேட்டுவிட்டு உள்ளே வருகிற சாஃப்ட்வேர்

பாதி வேலையில் திரை கறுப்பாகிவிட்டது. மதுரைக் கடையில் உட்கார்ந்தபடியே கொட்டாம்பட்டி ரைஸ் மில் கம்ப்யூட்டருக்குள் போய்க் கணக்கு ஃபைலைக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒன்றுமே இல்லை. தூரத்திலிருந்து அடுத்தவர் கம்ப்யூட்டரைச் சரி பண்ணுகிற இந்தத் தொழிலில் வைரஸுக்கு மருந்து உண்டு, பயந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்குகிறவருக்குக் கிடையாது. நீங்களும் இதே வேலையில் மாட்டிக்கொண்டவர் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த வேலை இன்னும் எத்தனை நாளோ தெரியாது, இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

தானாக ஓடிய மவுஸ்

மில்லுக்கு ஃபோன் போட்டேன். கணக்கர் எனக்கு வழி திறந்து விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். மில்காரர் பெரியசாமி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்திருக்கிறார். நாற்காலியில் ஆள் இல்லை, மவுஸ் மட்டும் திரையில் அங்குமிங்கும் போகிறது, ஃபைல்கள் தானாகத் திறந்து மூடுகின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

நான்தான் உள்ளே இருந்தேன் என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமை என்பது என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது, அதையும் அன்றைக்குச் செலவு பண்ணினேன். எல்லாம் கேட்டுக்கொண்டார், நீதானா, நல்லது என்றார், ஆனால் பிளக்கைத் திருப்பிச் சொருக மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் பஸ் ஏறிப் போய்த்தான் அந்தக் காப்பியை எடுத்தேன். போனதும் பெரியசாமி கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "வாரதுன்னா வாசல் வழியா வா மாப்ள. ஓட்டப் பிரிச்சு எறங்குனா நான் உன்ன யாருன்னு நெனைக்கிறது?"

அரக்கு

இப்படித் தூரத்திலிருந்து உள்ளே போக எந்த சாஃப்ட்வேரை வைத்துக்கொள்வது என்று அப்போது எங்கள் கடையில் முடிவாகவில்லை. கம்ப்யூட்டரோடு கூடவே வருவது ஒன்று இருந்தது. ஒரே கட்டடத்துக்குள் அருமையாக ஓடும். வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் மோடத்துக்குள் போய் வழி வெட்டிவிட வேண்டும், வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு அது ஆகாத வேலை. இன்னொன்று இலவசம். மூன்றாவதற்குக் காசு. முதலாளி குமரேசன் அண்ணன் இலவசத்தைப் பிடித்துக்கொண்டார்.

அதைக் கொண்டுபோய்ச் சேலை வியாபாரி ராமதாஸ் சாருக்குப் போட்டேன். கடை தெற்கு மாசி வீதியில், புது வீடு ஒத்தக்கடையில். சாயம் போடுகிறவர் அனுப்புகிற சுங்குடிச் சேலை படங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும், அதை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்த இலவசம், லைன் மெதுவாக இருந்தால் கலரைக் குறைத்துவிட்டு வேகமாக ஓடும். அரக்குச் சேலை அவருக்குக் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. உடனே சாயக்காரருக்கு ஃபோன் போட்டு, கெடுத்துவிட்டாயே, அம்புட்டையும் மறுபடி முக்கு என்று சொல்லிவிட்டார். முக்கினார்கள். நல்ல அரக்கெல்லாம் நிஜமாகவே கறுப்பாகிவிட்டது.

நான் போனபோது என்னைப் பற்றி மனைவியிடம் சௌராஷ்ட்ர பாஷையில் நிறையப் பேசினார். அர்த்தம் தெரியவில்லை, முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. அதனால் என்னிடம் எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்து எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். கணக்கு பார்க்கிறவருக்கு இலவசம் போதும், கலர் பார்க்கிறவருக்குப் போதாது. ராமதாஸ் சார் என் பக்கம் திரும்பியபோது தமிழில் மரியாதையாகத்தான் சொன்னார்: "வேகமாத்தான் வருது தம்பி. அரக்கு எதுன்னு தெரியாத ஆள நான் கடையிலயே சேத்துக்க மாட்டேன், இத எப்படி வீட்டுக்குள்ள விடுறது?"

காபி

காசு கொடுத்து வாங்குகிற அதையே கடைசியில் வாங்கினோம். நல்ல சாஃப்ட்வேர், பொய் சொல்லக்கூடாது. வாடிக்கையாளர் தன் திரையில் தெரிகிற நம்பரை ஃபோனில் படிப்பார், நான் இங்கே அடிப்பேன். உள்ளே விடலாமா என்று அவர் திரையில் ஒரு பெட்டி கேட்கும். ஆமாம் என்று அமுக்கினால் போவேன். அமுக்காவிட்டால் வாசலோடு சரி.

அது நன்றாக ஓட ஓட, நான் ஓடுவது நின்றுபோனது. முன்பெல்லாம் கடை வண்டியை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவேன். கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கும் இனி இங்கே வேலை இல்லை என்று தெரிந்து, ஒருத்தன் சென்னைக்குப் போனான், ஒருத்தன் திருப்பூருக்கு. அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிற பின்ரூமில் நான் மட்டும் இருக்கிறேன். ஏசி போட்டிருக்கிறார்கள், எனக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு. பகல் முழுக்க எத்தனையோ பேர் வீட்டுக்குள் போய் வருகிறேன், என் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. நம்பர் படிக்கிறார்களே, அதுதான் பேச்சு. சரியாகக் கேட்டிருந்தாலும் இன்னொரு தரம் சொல்லுங்கள் என்பேன்.

ஒத்தக்கடை வசந்தா டீச்சர் வீட்டில் டியூஷன் பிள்ளைகளின் மார்க்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான். அங்கே போனால் காபி குடிக்காமல் வர முடியாது, வேண்டாம் என்றாலும் டம்ளர் வந்துவிடும். புது சாஃப்ட்வேர் போட்ட பிறகு ஒரு நாள் நம்பர் சொல்லிவிட்டு, இருப்பா என்று ஃபோனை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பிரிண்டரைச் சரி பண்ணி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். திரும்பி வந்து ஃபோனை எடுத்தார். எடுத்ததும் சொன்னார்: "பால அடுப்புல வச்சுட்டேனேப்பா. நீ இங்க வரலேல்ல, மறந்தே போச்சு."

வெள்ளிக்கிழமை

கோரிப்பாளையம் நஸீமா அக்கா வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்கிறவர். தமிழும் உருதுவும் ஒரே அட்டையில் வரும், ஒன்று இடமிருந்து, ஒன்று வலமிருந்து, நடுவில் ஃபாண்ட் முட்டிக்கொள்ளும். அதற்காக அடிக்கடி என்னைக் கூப்பிடுவார். கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவர் சவுதியில் வேலை பார்க்கிற அவருடைய கணவர் ஜமால் பாய்.

ஜமால் பாய் எனக்கு ஃபோன் பண்ணினார். அந்தப் பெட்டி வந்து கேட்காமலே அங்கிருந்து அவர் உள்ளே வர வேண்டும், வந்திருப்பது திரையில் தெரியக்கூடாது, அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்றார். எதற்கு பாய் என்றேன், எனக்கு வாய் நிற்காது.

"சந்தேகம்லாம் இல்ல தம்பி. வெள்ளிக்கிழமை லீவு, ரூம்ல ஒருத்தனும் இருக்க மாட்டான். அவ டைப் அடிக்கிறதப் பாத்துக்கிட்டு இருப்பேன், அம்புட்டுத்தான். நான் பாக்குறேன்னு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு அழுக ஆரம்பிச்சிருவா."

சொல்லிவிட்டே வாருங்கள், அக்கா ஆமாம் என்றுதான் அமுக்குவார் என்றேன். ஃபோனை வைத்துவிட்டார். அவர் சொன்னது நிஜமா பொய்யா எனக்குத் தெரியாது. நிஜம் என்றால் அந்த ஆசை எனக்குப் புரிகிறது, என்னை மாதிரி அட்டைப்பெட்டி நடுவில் இருக்கிறவனுக்குப் புரியாமல் இருக்காது. ஆனால் அக்கா அந்தக் கம்ப்யூட்டரில் பத்திரிகை மட்டும் அடிப்பதில்லை. மெயில் எழுதுவார், பாதி எழுதி அழிப்பார். அது அவர் பாடு.

குமரேசன் அண்ணனிடம் சொன்னேன். வெளிநாட்டில் ஆள் இருக்கிற எத்தனையோ வீட்டை நமக்குப் பிடித்துக் கொடுத்தவர் ஜமால் பாய், அவர் கம்ப்யூட்டர், அவர் வீடு, உனக்கு என்னடா வலிக்கிறது என்றார். 'அனுமதி கேட்கவும்' என்று இருக்கிற இடத்தில் டிக்கை எடு, நாளைக்குள் முடி, முடியாது என்றால் சொல், வேறு பையன் வருவான் என்றார்.

மறுநாள் அக்கா நம்பர் சொன்னார், ஆமாம் அமுக்கினார், உள்ளே போனேன். ஃபாண்டைச் சரி பண்ணினேன். பிறகு அந்த டிக் இருக்கிற இடத்தைத் திறந்து, மவுஸை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்காவும் அதையேதான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், என்னவென்று தெரியாமல். லைனில் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. அக்காதான் பேசினார்: "வேல முடிஞ்சா சொல்லிட்டுப் போ தம்பி. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாம ஒத்தையில உக்காந்திருக்கிறது ஒரு மாதிரி இருக்கு."

மொத்தத்தில், சொன்ன இடத்தில் டிக்கைப் போட்டுச் சொன்ன இடத்தில் எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், அந்த ஒன்றை எடுக்கச் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை.