மூணாம் சந்தின் தகடுகள்

அந்தக் கிடங்குக்குள் விளக்கு எரியாது. விளக்கு இருக்கிறது, போடுவதில்லை. உள்ளே வேலை செய்வது இயந்திரம், அதுக்கு எதுக்கு வெளிச்சம் என்று எந்தக் காலத்திலோ எவனோ அணைத்தான். அணைத்தது அணைத்தபடியே நின்றுவிட்டது.

ஆறு சந்துகள். ஒவ்வொரு சந்துக்கும் இரண்டு பக்கமும் ஆறு மாடி உயரத்துக்கு இரும்பு ரேக். நடுத்தரையில் ஒற்றைத் தண்டவாளம், அதன்மேல் ஒரு கிரேன். எந்தச் சரக்கு வேண்டும் என்று முன்னறைக் கம்ப்யூட்டரில் தட்டினால் போதும். கிரேன் ஓடிப்போய், உயர ஏறி, இரண்டு கையையும் நீட்டிப் பேலட் என்கிற அடிப்பலகையோடு தூக்கிவந்து வாசலில் வைத்துவிடும். மனுஷக் கை படாது.

பட்ட ஒரே கை ஆந்தையுடையது. அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் வேறு. இருட்டிலேயே கிடக்கிறவருக்கு முன்னறைக்காரர்கள் வைத்த பேர் இது. இருபத்து நாலு வருஷமாக அந்தச் சந்துகளுக்கு அவர்தான் மெக்கானிக். நெற்றியில் ஒரு விளக்கு, இடுப்பில் ஸ்பேனர், சட்டைப்பையில் துணி. காலையில் உள்ளே போனால் மத்தியானம் சாப்பாட்டுக்குத் தலை தெரியும். பேசவே மாட்டார் என்பார்கள். அது தப்பு. பேசுவார், கிரேன்களோடு. "என்னடி, இன்னிக்கு இடது சக்கரம் முனகுது?" என்று கேட்பார். பதில் வருமளவுக்கு நின்று காது கொடுப்பார். அந்த முனகலை வைத்தே எந்தச் சந்தில் எந்தப் பல்சக்கரம் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார்.

வீட்டில் அந்த முனகல்கூடக் கிடையாது. மகளுக்குப் பிரசவம் என்று மனைவி கடல் தாண்டிப் போய் இரண்டு வருஷமாகிறது. மூன்று மாதத்தில் வருவதாகப் பேச்சு. மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, மூன்று மாதம் நீண்டுகொண்டே போயிற்று. கிளம்பும்போது மனைவி சமையலறை டப்பா ஒவ்வொன்றிலும் பேரெழுதி ஒட்டிவிட்டுப் போனாள். அதில் பாதியை அவர் இன்னும் திறக்கவில்லை. அலமாரியில் இரண்டு தட்டு. ஒன்றை மட்டுமே கழுவிக் கழுவி வைக்கிறார். மற்றதில் தூசி படிந்திருப்பதை ஒருநாள் பார்த்து, அதையும் கழுவிக் கவிழ்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் போன் பண்ணுவாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்டீங்க?"

"ஏதோ ஆச்சு."

பேத்தி பிறந்தபோதே அவர் பத்து நாள் லீவு கேட்டார். மேனேஜர் தாளை வாங்கக்கூட இல்லை. "மூணாம் சந்த யாருண்ணே பாக்கறது?" என்றார். ஆந்தை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சந்தை வேறு யாராலும் ஏன் பார்க்க முடியாது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கதை இதுதான். கிரேன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அதுக்குச் சொல்வது தகடு. ஒவ்வொரு தூணுக்கும் நேராகத் தண்டவாளத்தை ஒட்டி உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. கிரேனின் கண் தகட்டைப் பார்த்தால் வண்டி நிற்கும். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் மூணாம் சந்தின் கோடித் தரை லேசாக உட்கார்ந்தது. நாற்பத்தொன்றாம் தூணிலிருந்து அறுபத்தெட்டு வரைக்கும் ரேக் நகம் அளவு, விரல் அளவு என்று நகர்ந்தது. வரைபடப்படி தகடு நின்ற இடத்தில் நின்றால் கிரேனின் கை தூணில் இடிக்கும். அப்போதிருந்த மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "சந்து நிக்கக் கூடாது. எப்படியாவது ஓட்டு."

ஆந்தை ஓட்டினார். சாப்பாட்டு நேரத்தில் குப்புறப் படுத்து ஒவ்வொரு தகடாக நகர்த்தினார். ரேக் நகர்ந்த அளவுக்குத் தகடும் நகர்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சந்தை மூடுவார்கள், கேள்வி வரும், தாள் வரும். அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, இவரும் நகர்த்தினார். ஐந்து வருஷத்தில் தரை இறங்குவது நின்றது. ஆனால் இருபத்தெட்டுத் தகடும் அவர் விரல் வைத்த இடத்தில்தான் நின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாகச் சொல்வார்கள். இவர் முழுச் சந்தையே இருட்டில் மறைத்தார்.

அந்த ஐந்து வருஷத்துக்குள் ஒரே ஒரு முறை அண்ணன் சாவுக்கு நாலு நாள் போனார். மாற்று ஆள் ஒருத்தன் வந்தான், ஒழுங்கான வேலைக்காரன். ஒரு தகடு இடம் மாறியிருக்கிறதே என்று வரைபடத்தைப் பார்த்து நேராக்கி வைத்தான். அன்றைக்கே மேல்தட்டிலிருந்து ஒரு பேலட் தலைகுப்புற விழுந்தது. ஆளுக்கு அடியில்லை, ஆனால் அவன் வேலை போயிற்று. ஆந்தை திரும்பி வந்து, வாயைத் திறக்காமல், தகட்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். அதுக்கப்புறம் லீவு கேட்கவே வாய் வராது. பேத்திக்காகக் கேட்டது ஒன்றுதான்.

இப்போது கிரேன்களை ஆட்டிவைக்கும் எலக்ட்ரானிக் போர்டைச் செய்த கம்பெனியே இல்லை. ஒன்று புகைந்தால் ஆறாம் சந்திலிருந்து பிடுங்கி மற்றதில் மாட்டுவார்கள். ஆறாம் சந்து அப்படியே எலும்புக்கூடாகிவிட்டது. மொத்தத்தையும் இடித்து விற்றுவிட்டு வேறு ஊரில் புதுக் கிடங்குக்குப் போகலாம் என்றார்கள் மேலே. போகுமுன் ஒரு முறை பார்ப்போம் என்று ஒரு என்ஜினியர் அம்மாவை வரவழைத்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும், நடையில் அவசரம், காதுமேல் பென்சில். சந்து சந்தாக நடந்து, ரேக்கைத் தட்டிப் பார்த்து, கிரேன் கம்பத்தைத் தடவிப் பார்த்தார்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு," என்றார். "இன்னும் முப்பது வருஷம் நிக்கும். மூளையையும் கண்ணையும் மாத்தினா போதும். எதுக்கு இடிக்கணும்?"

மேனேஜர் சிரித்தார். "சரி, ஒரு சந்துல ஓட்டிக் காட்டுங்க மேடம். ஒரு நாள் முழுக்க எங்கயும் நிக்காம ஓடினா அஞ்சு சந்தும் உங்களுக்கு. நின்னா இடிக்கறவனக் கூப்பிடுறேன்."

"எது ரொம்ப மோசமான சந்து?"

"மூணு."

"அதையே குடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆந்தை இதை மனைவியிடம் சொன்னார்.

"இடிச்சுட்டாங்கன்னா வந்துடுவீங்கல்ல?"

"இடிச்சப்புறம் இங்க எனக்கு என்ன வேலை? வந்துடுறேன்."

"அப்ப இடிக்கட்டும்," என்றாள் அவள், விளையாட்டுப்போல. விளையாட்டில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

பழைய மோட்டாரைக் கழற்றிப் புது மோட்டார் வைத்தார்கள். தகட்டைப் பார்க்கும் கண்ணுக்குப் பதிலாகச் சந்தின் வாசலில் ஒரு லேசர். கிரேன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது நூல் பிசகாமல் அளக்கும். எந்தத் தூண் எவ்வளவு தூரம் என்பதை என்ஜினியர் அம்மா வரைபடத்திலிருந்து ஏற்றினார். ஏற்றுமுன் முதல் பத்துத் தூணை டேப் பிடித்து அளந்தார். பத்தும் அச்சு மாதிரி வரைபடத்தோடு ஒத்துப்போயின. பத்து சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஆந்தை பக்கத்தில்தான் டேப்பின் மறுமுனையைப் பிடித்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்த்த அன்று நாற்பதாம் தூண் வரைக்கும் கிரேன் வெண்ணெயில் கத்தி போனதுபோலப் போயிற்று. நாற்பத்தொன்றில் கை தூணில் உரசியது. நாற்பத்து நாலில் இடித்து நின்றது. சிவப்பு விளக்கு சுழன்றது.

மேனேஜர் வாசலில் நின்று பார்த்தார். "கெழவிக்குப் புதுப் பல்லு கட்டினா கரும்பு கடிப்பாளா மேடம்? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் நான் பொறுப்பில்ல."

அவர் போய்விட்டார். ஆந்தை டீ வாங்கிவந்து தண்டவாளத்தோரம் உட்கார்ந்தார். பொய் சொல்லத் தேவையில்லை. சும்மா உட்கார்ந்தால் போதும், நாளை மத்தியானம் எல்லாம் முடிந்துவிடும். டப்பாக்களையும் இரண்டு தட்டையும் கட்டி யாருக்காவது கொடுத்துவிட்டு விமானம் ஏறலாம். டீ ஆறும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

சந்துக்குள் என்ஜினியர் அம்மா தரையில் சம்மணம் போட்டு லேப்டாப்பை மடியில் வைத்திருந்தார். போனில் யாருக்கோ சொன்னது இருட்டில் தெளிவாகக் கேட்டது. "இல்ல சார், மிஷின் மேல தப்பில்ல. நான்தான் எங்கயோ தப்பா ஏத்தியிருக்கேன். ஆமா சார், என் பொறுப்புதான்."

மாற்று ஆளும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான். அன்றைக்குக் கேட்க ஆந்தை இங்கே இல்லை. இன்றைக்கு இருந்தார்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

"மேடம். உங்க தப்பு இல்ல."

"அப்புறம் யார் தப்பு, ரேக்கு நடந்து போச்சா?"

"நடந்துதான் போச்சு."

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். ஆந்தை நாற்பத்தொன்றாம் தூணடியில் குப்புறப் படுத்து, நெற்றி விளக்கைத் தகட்டில் அடித்தார். பழைய திருகு ஓட்டை ஓரிடத்தில், தகடு ஓரிடத்தில். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாற்று ஆளைப் பற்றியும் சொன்னார். சொல்லி முடித்தபோது எண்சாண் உடம்பும் ஒரு சாணாகிப் போயிருந்தது.

என்ஜினியர் அம்மா உடனே திட்டவில்லை. தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"டேப்ப நீங்கதானே புடிச்சீங்க?"

"ஆமா."

"வாய்க்குள்ள பூட்டா?"

"ஆமா மேடம்."

"பதிமூணு வருஷம் யாருகிட்டயும் சொல்லலையா?"

"இங்க யாரு இருந்தா சொல்ல?"

அந்தம்மா காதுமேலிருந்து பென்சிலை எடுத்தார். "தரை இப்ப நின்னுடுச்சா?"

"எட்டு வருஷமா ஒரு தகட்டையும் தொடல."

"இருந்தாலும் தரைய அளக்க ஆள் வருவாங்க, அத நான் எழுதித்தான் ஆகணும். நீங்க சொன்னதையும்."

"எழுதுங்க."

"காலையில ஆறு மணிக்கு வாங்க."

மறுநாள் ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். ஆந்தை தரையில் ஊர்ந்து போவார், தகட்டின் நடுவைக் காட்டுவார். கிரேன் எறும்பு வேகத்தில் வந்து நிற்கும். "இன்னும் ஒரு நூல்... ஒரு நூல்... நில்லுடி," என்பார். லேசர் சொல்லும் எண்ணை அந்தம்மா அந்தத் தூணுக்கென்று ஏற்றுவார்.

"என்னையா 'நில்லுடி'ங்கறீங்க?"

"ஐயோ மேடம், அவள."

"நல்லவேளை."

இருபத்து நாலு வருஷத்தில் அந்தச் சந்துக்குள் இரண்டு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பதினொன்றரைக்கு அறுபத்தெட்டாம் தூண் முடிந்தது. அன்று மத்தியானம் தொடங்கி மறுநாள் மத்தியானம் வரை கிரேன் எங்கேயும் உரசாமல் ஓடியது.

இடிக்கிறவனை யாரும் கூப்பிடவில்லை. என்ஜினியர் அம்மா எழுதிய தாளைப் படித்த மேனேஜர் ஆந்தையை ஒரு பார்வை பார்த்தார். "ஆந்தையண்ணே, நீங்க ஊமைன்னு நெனச்சேன். ஊமக்கோட்டான்." அவ்வளவுதான். மாற்று ஆளின் விலாசத்தை ஆந்தை கேட்டார். ஆபீசில் யாரிடமும் இல்லை.

தகடுகளை இனிக் கழற்றிவிடலாம் என்றார் அந்தம்மா. ஆந்தையே கழற்றினார். அவர் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கிரேன் பக்கத்துத் தூணில் வந்து நின்றது, போயிற்று. புது மோட்டாருக்குச் சத்தமே இல்லை. "என்னடி?" என்றார். காது கொடுத்து நின்றார். ஒரு முனகலும் இல்லை.

அந்தப் புதன்கிழமை லீவுத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். நாற்பது நாள் என்று எழுதியிருந்தார். மேனேஜர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். ஆந்தை நகரவில்லை. மூணாம் சந்தைப் பற்றிய அந்தக் கேள்வி வரும் என்று நின்றார்.

"என்னண்ணே, வேற ஏதாவது?"

"ஒண்ணுமில்ல."

வீட்டுக்குப் போனதும் மனைவிக்கு அவரே போன் பண்ணினார். அவள் பதறிவிட்டாள்.

"என்னாச்சு? இன்னிக்குப் புதன்தானே?"

"ஒண்ணும் ஆகல. கெடங்க இடிக்கல."

"அப்ப வரமாட்டீங்க," என்றாள் அவள்.

"லீவு குடுத்துட்டாங்க. நாப்பது நாள். வரேன்."

"நெஜமாவா? அப்ப மூணாம் சந்த யாரு பாப்பாங்க?"

ஆந்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். டப்பாக்களின்மேல் அவள் எழுத்து வரிசையாகத் தெரிந்தது.

"யாரும் பாக்க வேணாமாம்," என்றார்.

அங்கே குழந்தை வீறிட்டது. "பாப்பா அழுவுது, இருங்க, வச்சுடாதீங்க," என்று அவள் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். தூரத்தில் அவள் கொஞ்சுவது கேட்டது. ஆந்தை போனைக் காதோடு வைத்தபடி, அவள் திரும்பி வரும்வரை நின்றார்.