சண்முகலிங்கம் மாஸ்டரின் நோர்வே

சண்முகலிங்கம் மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் புவியியல் படிப்பித்தவர். படிப்பித்தது என்னவோ ஒரே பாடத்தைத்தான் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள்: நோர்வேயின் ஒரு சிறிய ஆற்றுப் பள்ளத்தாக்கு. பாடநூலில் எட்டுப் பக்கம். அதைக் கொப்பியில் சுருக்கி வைத்துக்கொண்டு வருடாவருடம் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். பனியாறு குடைந்த பள்ளம், கரையோர ஒடுங்கிய வயல்கள், கோடையில் மலைமேல் மாடு மேய்ப்பது, ஆற்றில் மிதந்துவரும் மரக்குற்றிகள், நீர்வீழ்ச்சி, மின்சாரம். ஒரு வரைபடம்கூடக் கீறமாட்டார்.

1985இல் அகதியாக டென்மார்க் வந்தபோது சான்றிதழ்களோடு அந்தக் கொப்பியையும் கொண்டுவந்தார்.

அடுத்த வருடம் வைலே நகருக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் ஆசிரியர் தேவைப்பட்டார். விண்ணப்பித்தவர்கள் இருவர்: மாஸ்டரும், ஊரில் பாலர் வகுப்பு எடுத்த யசிந்தாவும். கிடைக்காவிட்டால் மாஸ்டருக்குக் கோழித் தொழிற்சாலைதான். "சோக்கட்டி பிடிச்ச கையாலை கோழி உரிக்கேலாது" என்று காண்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தேர்வு எளிது. பக்கத்திலுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்குக்குத் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று, அந்த இடத்தைப் பற்றியே பாடம் நடத்தவேண்டும். தலைமையாசிரியை இங்கர் கூடவே வருவார். தமிழில் நடப்பதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வது, மொழிபெயர்க்கப் போன என் வேலை.

பத்து நாள் அவகாசம் இருந்தது. பஸ்ஸில் கால் மணி நேரம். யசிந்தா மூன்று தடவை போய் வந்தாள்.

"நீங்களும் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன், மாஸ்டர்" என்றேன்.

"எனக்கே பாடம் எடுக்கிறீர், பிள்ளை? நோர்வேயும் டென்மார்க்கும் முந்தி ஒரே ராசாவின்ரை நாடு. ரெண்டையும் பனிதான் குடைஞ்சது. ஆறு மட்டும் வேறையே?"

கொப்பியில் நோர்வே என்று இருந்த இடமெல்லாம் வெட்டிவிட்டு டென்மார்க் என்று எழுதினார். தயாரிப்பு அவ்வளவுதான்.

அந்தப் பள்ளத்தாக்கில் பீச் என்ற காட்டு மரங்கள் மூடிய இரண்டு சரிவுகள். நடுவே முழங்காலளவு ஆறு. அதன் தண்ணீரின் விசையில் மா அரைத்த பழைய மாவாலை ஒன்று, அதற்கென்று கட்டிய இடுப்புயர அணை, மூடிக்கிடந்த செங்கல் நெசவாலை. மாஸ்டர் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டி நின்று கொப்பியை விரித்தார்.

"எழுதுங்கோ. இந்த ஆறு எண்ணூறு அடி உயரத்திலையிருந்து விழுகிறது."

"எங்கை விழுது, மாஸ்டர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"குறுக்கை கதைக்காதை. எழுது."

"அங்கை தாரா நடந்தெல்லோ ஆத்தைக் கடக்குது!" என்றாள் இன்னொருத்தி, அணைமேல் நடந்துபோன வாத்தைக் காட்டி. பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் இங்கருக்கு அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். இங்கர் அணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எங்கே என்று அவரையே கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். அப்போதாவது அவர் திரும்பிப் பார்த்திருக்கலாம். அதற்குப் படிப்பு வேண்டாம், கழுத்துப் போதும். மாஸ்டர் கொப்பியைப் புரட்டினார்.

"மூண்டாம் பக்கத்திலை வரும் எண்டு சொல்லும்."

அதையும் சொன்னேன். இங்கர் மாவாலையைக் காட்டி, அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"உதெல்லாம் சிலபஸிலை இல்லை" என்றார் மாஸ்டர்.

வேலை யசிந்தாவுக்குக் கிடைத்தது. "அந்தப் பெட்டை இங்கிலீசிலை மாத்திச் சொல்லிப்போட்டாள்" என்று என்னைப் பற்றி அவர் ஊரெல்லாம் கதைத்தார். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை கோழித் தொழிற்சாலைக்குப் போனார். முதல் நாளே, கோழியை எந்தப் பக்கத்திலிருந்து உரிக்கவேண்டும் என்று டெனிஷ்காரருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாராம்.