தம்பி மேல் போட்ட பழி

வடமதுரையில் நானும் தம்பி செல்வமும் உரக்கடை நடத்துகிறோம். போன வருடம் சுகாதார நிலைய நர்ஸ் கடைக்கு வந்து அவனுக்குப் பிரஷர் பார்த்தார். மிக அதிகம், இப்படியே விட்டால் பக்கவாதம் வரும் என்று மாத்திரை கொடுத்தார்.

“பக்கவாதமெல்லாம் கிழடுகளுக்கு வர்றது. முப்பத்தெட்டு வயசுக்காரனைப் பயமுறுத்தாதீங்க” என்று எரிந்து விழுந்தேன்.

“நான் வேலைக்குச் சேந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு. இப்ப இந்த ஊர்ல நாப்பதைத் தாண்டாதவங்களுக்கே கைகால் இழுத்துக்கிருது” என்றார் அவர்.

அவர் போனதும் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். “மறுபடி வாங்கினா கடைப்பக்கம் வராத” என்றேன். அதற்குப் பிறகு செல்வம் மாத்திரை வாங்கப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் அவன் கடைக்குள் தள்ளாடி வந்தான். பேச்சு குழறியது.

“காலையிலேயே குடிச்சிட்டு வந்தியாடா?” என்று ஆட்கள் முன்னால் கத்தினேன். பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே சரிந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரியில், நர்ஸ் பிரஷர் பார்த்ததை நான் சொன்னதும் டாக்டர் கேட்டார்: “பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் மாத்திரை போடலை?”

“எம்புட்டோ சொன்னேன் சார். அவன் கேக்கலை” என்றேன்.

கட்டிலில் கிடந்த செல்வம் என்னையே பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்தது, வாய்தான் வரவில்லை.

இப்போது பேச்சு திரும்பிவிட்டது. எல்லோரிடமும் பேசுகிறான், என்னைத் தவிர. மாத்திரையை எறிந்தது அறியாமை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். பேச முடியாமல் கிடந்தவன் மேல் பழி போட்டதற்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.