ஏரியில் எடுத்த இரண்டு போட்டோ

நூறு நாள் வேலைக்கு என்னைப் பணித்தளப் பொறுப்பாளராகப் போட்டார்கள். திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தவித்துக்கொண்டிருந்த நேரம். கையில் ஒரு போன். ஏரியில் மண் வெட்டுகிறவர்களை நிற்க வைத்துக் காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் அன்றைய வருகை பதிவாகும். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

மண் வெட்ட வருகிறவர்களில் ஒருவர் ஊரில் எல்லாருக்கும் அக்கா. வானூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிற பெண்களைச் சங்கமாகச் சேர்த்தவர். ஒரு நிலத்தில் கைக்குழந்தையோடு வந்தவளிடம் "நீ நாளைக்கு வராத" என்று சொல்லிவிட்டார்கள். பிடுங்கிய செடியை அப்படியே போட்டுவிட்டு, அத்தனை பேரையும் முதுகைத் திருப்பி நடக்க வைத்தார் அக்கா. நிலத்துக்காரர் ரோடு வரை பின்னாலேயே ஓடிவந்தாராம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருத்தியை நிறுத்தினால் எல்லாரும் திரும்பிக்கொள்வார்கள். சங்கத்துக்குக் கொடியைக்கூட, பிறகு விழுப்புரத்தில் ஒரு ஊர்வலம் வந்தபோதுதான் தைத்தார்கள்.

கிராம சபையில் அக்கா எழுந்தார். "ஏரியில நிழலுக்கு ஷீட்டு கட்டணும்னு சட்டத்துலயே இருக்குது. எங்க அது?"

கேட்டது ஊராட்சித் தலைவியிடம். அவருடைய வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "வெயிலு ஒத்துக்கலன்னா வூட்டுலயே இருந்துக்கம்மா."

அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்த லிஸ்டில் அக்காவின் பெயர் இல்லை. ஆனால் அக்கா மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"உன் பேரு இல்லக்கா" என்றேன்.

"பேரு இல்லாட்டி மம்முட்டி வெட்டாதா? தள்ளு."

வெட்டினார். எல்லாரையும்விட அதிகமாக வெட்டினார். போட்டோ நேரம் வந்தது. அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "அக்கா, கொஞ்சம் ஓரமா போயேன். நீ படத்துல விழுந்தா என்னைத் திட்டுவாங்க." அவர் சிரித்துக்கொண்டே கருவேல மரத்தடிக்குப் போனார்.

போனைத் தூக்கினேன். திரையில் ஒரு முகமும் இல்லை. வரிசையாக முதுகுகள். சேலைக்கு மேல் மாட்டிய வீட்டுக்காரர்களின் பழைய சட்டைகள், நடுமுதுகில் வியர்வை.

பதறியது அக்காதான். "ஏய், இந்தாண்ட திரும்புங்கடி! அட்டெண்டன்ஸ் போயிடும். எனக்கோசரம் யாரும் பட்டினி கெடக்க வேணாம்."

"நீ சும்மா இரு அக்கா. லிஸ்ட்ல இல்லாதவங்க பேசக் கூடாது" என்றாள் முன்வரிசைக்காரி, திரும்பாமலே. ஏரியே சிரித்தது. "ஏம்மா போட்டோகாரி, நீ இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஜல்தியா புடி, முதுகு காயுது!"

புறமுதுகு காட்டுவது கோழைத்தனம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அழுத்தினேன். ஏற்றினேன்.

கால் மணி நேரத்தில் தலைவியின் வீட்டுக்காரர் போனில் வந்தார். "இன்னாம்மா படம் அது? ஒரு மூஞ்சியும் தெரியல?"

"சட்டையெல்லாம் நல்லாத் தெரியுதுங்க."

"பேஜாரு பண்ணாத. மதியமாவது ஒழுங்கா எடு."

ஒழுங்காகத்தான் எடுத்தேன். "அக்கா, நடுவுல வந்து நில்லு" என்றேன்.

"வேணாம்டி. உன் வேலை போயிடும்."

"காலையில போன்னு சொன்னப்ப போன இல்ல? இப்ப வான்னா வா."

வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை நேராகப் பார்த்தார். சுற்றிலும் முதுகுகள். நடுவில் ஒரே ஒரு முகம், லிஸ்டில் இல்லாத முகம். அதையும் ஏற்றினேன்.

அடுத்த வாரம் அக்காவின் பெயர் வந்துவிட்டது. நிழல் ஷீட்டு வரவில்லை. பொறுப்பாளர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வீட்டில் உட்காருவேனா? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனேன், அக்காவுக்குப் பக்கத்தில் நின்று வெட்டினேன்.

புதிய பொறுப்பாளர் தலைவி வீட்டுக்காரரின் தங்கை மகள். போட்டோ நேரத்தில் என் முகத்தைப் பார்க்காமல், "உங்க பேரு இல்லைங்க, கொஞ்சம் ஓரமா போங்க" என்றாள். கருவேல மரத்தடிக்குப் போனேன். அவள் போனைத் தூக்கினாள்.

அக்காதான் முதலில் திரும்பினார்.